கலம் 17

இருபத்தைந்து ஆண்டுத் திட்டம்.
சாலைக்குக் கிலோமீட்டர்,
மின்சாரத்துக்கு மெகாவாட்,
துறைமுகத்துக்கு ஆழம்.
பதினாறு கலங்களும் நிரம்பிய பிறகு
சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை:
வீட்டையும் உள்கட்டமைப்பில் சேர்க்கவும்.
தாளின் வலது ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது.
கோடு போட்டேன்.
கலம் 17. வீடு. அலகு: எண்ணிக்கை.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
ஜீப்பில் டீசல் இல்லை.
சாயல்குடி பஸ்ஸில் போய் விலக்கில் இறங்கி
கருவேலங்காட்டு வழியே நடந்தேன்.
உப்புக்காற்று படிவங்களை
ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது.

நரிமுனைக் குடியிருப்பு.
முதல் வீட்டில் நம்புத்தாய்,
பாசி எடுத்து வந்த ஈரத்தோடு
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி.
"மொத்தம் எத்தனை வீடு?"
"எதை வீடுங்கிறீக?"

நியாயமான கேள்வி.
புயலுக்குப் பிறகு கட்டித்தந்த காங்கிரீட்டில்
கம்பி துருவேறி வீங்கி
கூரை செதில் செதிலாக உரிகிறது.
அங்கே வலையும் ஐஸ்பெட்டியும் குடியிருக்கின்றன.
ஆட்கள், முன்னால் இறக்கிய ஓலைச் சாய்ப்பில்.
பட்டா காங்கிரீட்டுக்கு, உறக்கம் ஓலைக்கு.
படிவம் ஒன்றைத்தான் கேட்கிறது.

ஜெரோன் வீட்டுக்குக் கதவு எண் இரண்டு.
சீனியம்மாள் வீட்டுக்கு எண்ணே இல்லை,
கொழுந்தன் மீட்டரிலிருந்து இழுத்த
ஒரு வயரும் ஒரு பல்பும்தான் சாட்சி.
பாதுஷா வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது,
மூன்றாம் தவணைக்காக.
சன்னல் வரவேண்டிய இடத்தில் ஓர் ஆடு
என்னை விசாரிப்பதுபோல் பார்த்தது.
0.5 என்று எழுதினேன்.
அழித்தேன்.

வரைபடத்தை விரித்ததும்
பறக்காமலிருக்க நான்கு மூலைக்கும் சங்கு வைத்தாள்.
கலம் 4-இன் கடற்கரைச் சாலை
சிவப்பு மையில் வந்துகொண்டிருந்தது.
"இந்தக் கோடு எம்புட்டு அகலம்?"
"முப்பது மீட்டர்."
எத்தனை முங்கலுக்கு எத்தனை கிலோ பாசி என்று
மூச்சை வைத்தே கணக்குப் போடுகிறவள்.
எனக்கு முன்னால் விடை சொன்னாள்:
"அப்ப பதினொரு வீடு போச்சு."

ஆமாம்.
நான்கில் இடிபடும் பதினொன்று
பதினேழில் புதிதாக எழும்புகிறது,
ஏழு கிலோமீட்டர் உள்ளே, மாடிக்கு மேல் மாடியாக.
இரண்டையும்
வளர்ச்சியில்தான் கூட்டியிருக்கிறோம்.

மாடியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை;
அதற்குத் தள்ளுவண்டி இருக்கிறது, எட்டுக் குடம் பிடிக்கும்.
"வாசல் எந்தப் பக்கம்?"

படத்தில் தேடினேன்.
வாசல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன,
நடுவில் ஒரு நடைவழி.

"கச்சான் தூக்குற ராத்திரியில
கதவைத் தொறந்தா வெளக்குத் தெரியணும்.
எண்ணுவோம். நாலு போச்சுன்னா நாலு வரணும்.
அது தெரியாத எடத்துல
கெடக்கலாம்.
இருக்க முடியாது."

கடைசி பஸ்ஸில், மடியில் வைத்து முடித்தேன்.
எண்ணிக்கை: 64.
குறிப்புக்கு விட்டிருந்தது இரண்டு விரல் அகலம்.
அதில் நுணுக்கி எழுதினேன்:
வாசல் கடலைப் பார்க்க வேண்டும்.

கலம் என்றால் படகு என்றும் பொருள்,
எட்டாம் வகுப்பில் படித்தது.
சன்னலுக்கு வெளியே தூரத்தில் விளக்குகள்.
பதினேழு தேறுமா என்று எண்ணத் தொடங்கினேன்.
பதிமூன்றில்
கருவேலங்காடு வந்து மறைத்துக்கொண்டது.

திங்களன்று காணொலிக் கூட்டம்.
மேலதிகாரி நிதானமானவர், கெட்டவர் இல்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அந்த நுணுக்கெழுத்தை முழுதும் படித்தார்.
"சரிம்மா,
இதுக்கு அலகு என்ன?"

நான் மைக்கை உயிர்ப்பிப்பதற்குள்
அடுத்த மாவட்டத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.